தத்தன் நின்ற வாயில்

தூரத்தில் நின்று பேசும் ஒருவன் தன்னை இன்னான் என்று சொல்லும்போது, அவன் அவனே என்பதை எந்தப் பிரமாணங்கொண்டு துணிவது என்ற வினா, தருக்க சாத்திரிகள் நூற்றாண்டுகளாக வாதித்து வந்த வினாவேயாயினும், இன்று அது கொழும்பு மாநகரிலே, நூற்பயிற்சி எதுவும் வேண்டாத ஒரு சிறு இயந்திரச் செயலின் வடிவிலே, நாள்தோறும் எழுந்து நாள்தோறும் விடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளின் மாடிவீடுகளிலிருந்து இலண்டனிலும் சிங்கப்பூரிலுமுள்ள சேர்வர்களைப் பராமரிக்கும் நம் பிள்ளைகள் அநேகர். 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எரிபொருள் இன்றி நாடு நின்றுபோய், அரசாங்க ஊழியரையே வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு பணிக்கவேண்டி வந்ததன் பின்னர், தொலைவிலிருந்து ஆளுதல் என்பது கணினித் துறையினரின் தனி வித்தையாக இராது, ஏனையோருக்கும் பழகிய காரியமாயிற்று.

அவ்வாறு ஆளுவோருள் நிர்வாகிக்கு உரிய அதிகாரம் அலாதியானது. ரூட் என்று வழங்கும் தலைமைக் கணக்கில் நுழைந்தவனுக்கு அந்தக் கணினியிலே பூட்டிய அறை எதுவும் இல்லை. பிறர் கடிதத்தைப் படிக்கலாம், பிறர் கணக்கை அழிக்கலாம், தான் வந்துபோன சுவட்டையும் துடைத்துவிடலாம். இத்துணை அதிகாரத்தை, முகமும் குரலும் தெரியாத ஓர் இடத்திலிருந்து கேட்டு வருபவனுக்கு வாயிலைத் திறப்பதா என்பது சேர்வரின் பிரச்சினை. தான் தட்டிய கதவு தன் எசமானின் வீட்டுக் கதவுதானா, அன்றி அதுபோல வேடம் புனைந்த கள்வனின் கதவா என்பது நிர்வாகியின் பிரச்சினை. ஐயம் இரு பக்கத்தும் உண்டு. அடியவனுக்கும் அவன் வணங்கும் திருவேடத்துக்கும் இடையிலே எழக்கூடிய ஐயமும் இதுவே என்று நான் கருதுவதாற்றான், கணினிப் பாடமாகத் தோன்றும் இவ்விஷயத்தைச் சமய விசாரணையாக எழுதத் துணிந்தேன்.

1995 ஆம் ஆண்டிலே, பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து, அவ்வழியே சென்ற கடவுச்சொற்களைக் களவாகச் சேகரித்தனர். அக்காலத்தில் வழங்கிய டெல்நெட் என்னும் முறையிலே, நிர்வாகியின் கடவுச்சொல், தபாலட்டையில் எழுதிய செய்தியைப் போல, வழியிலுள்ளோர் எவரும் படிக்கத்தக்கதாகவே சென்றுகொண்டிருந்தது. அக்களவைக் கண்டு வருந்திய தாத்து யிலோனென் என்னும் ஆராய்ச்சியாளர் அதே ஆண்டில் ஆக்கி வெளியிட்ட முறைதான் எஸ்.எஸ்.எச். என்று இன்று உலகெங்கும் வழங்குவது. டெல்நெட்டுக்கு உரிய வாயில் இலக்கம் 23; கோப்புகளை அனுப்பும் பழைய முறைக்கு உரியது 21; இடையில் வெறுமையாகக் கிடந்த 22 ஐ அவர் கேட்டுப் பெற்றார். 1999 இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் அதனைத் திறந்த மூலமாக ஓப்பன் எஸ்.எஸ்.எச். என வெளியிட்ட பின்னர், லினக்ஸ் சேர்வர் உள்ள இடமெல்லாம் அது பரவிற்று.

அதன் உட்செயலைச் சற்று நிதானமாக நோக்குதல் வேண்டும், ஏனெனில் அதிலே ஒரு தத்துவ நுட்பம் அடங்கியிருக்கின்றது. முதலில், இரு கணினிகளும், 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபீ, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வெளிப்படுத்திய கணித உபாயத்தினால், ஒட்டுக்கேட்போர் முன்னிலையிலேயே பேசியும், கேட்போர் எவருக்கும் புலனாகாத ஒரு பொது இரகசியத்தைத் தம்முள் உண்டாக்கிக்கொள்கின்றன. அதன்பின், சேர்வர் தனக்கே உரிய அந்தரங்கத் திறப்பினால் அந்த உரையாடலின் மீது முத்திரையிட்டுத் தன்னை நிரூபிக்கின்றது. மூன்றாவதாகவே நிர்வாகி தன்னை நிரூபிக்கின்றான். அவன் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைவானாயின், அச்சொல் மறைபொருளாகச் சென்றாலும் முடிவிலே சேர்வரின் கையில் வெளிப்படையாகவே சேர்கின்றது. சேர்வர் பொய்யானதாயின், சொல் பறிபோயிற்று. அவன் திறப்பினால் நுழைவானாயின் அவ்வாறன்று. திறப்பு இரண்டு பாகமாக உள்ளது: பகிரங்கமான பாகம் முன்னரே சேர்வரிடம் இருக்கும், அந்தரங்கமான பாகம் நிர்வாகியின் கணினியை விட்டு ஒருபோதும் வெளியே செல்வதில்லை. அந்த நேரத்து உரையாடலுக்கென்றே பிறந்த ஓர் அடையாளத்தின் மீது அவன் முத்திரை இடுகின்றான். சேர்வர் அதைப் பகிரங்கப் பாகத்தினால் ஒத்துப்பார்க்கின்றது. அம்முத்திரையைக் கைப்பற்றிய கள்வனுக்கும் அது மறுமுறை உதவாது. தன்னிடமுள்ள இரகசியத்தைச் சொல்லாமலே, அது தன்னிடம் உண்டென்பதை ஐயந்திரிபற நிலைநாட்டுதல் மனித அறிவுக்குக் கைகூடிய அற்புதங்களுள் ஒன்று என்றே நான் எண்ணுகின்றேன்.

ஆயினும் இத்தனை நுட்பத்தின் அடியிலும் ஒரு பள்ளம் கிடக்கின்றது. ஒரு சேர்வருடன் முதன்முறை தொடர்புகொள்ளும்போது, இதன் கைரேகை இன்னது, இதனை நான் அறியேன், தொடரவா என்று கணினி வினவும். நிர்வாகியோ, அந்தக் கைரேகையை வேறெவரிடமும் கேட்டு ஒப்பிடாமல், ஆம் என்று தட்டி உள்ளே போகின்றான். ஏறக்குறைய எல்லாரும் அப்படியே செய்கின்றனர். அந்த முதல் ஆம் என்பதன்மேலேயே பின்வரும் பாதுகாப்பு முழுவதும் நிற்கின்றது. கணினி அக்கைரேகையைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அது மாறிக் காணப்பட்டால் மட்டுமே கூக்குரலிடும்.

இவ்விடத்திலேதான் நம் முன்னோரின் பிரமாண விசாரம் நினைவுக்கு வருகின்றது. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர், ஞானமானது தோன்றும்போதே பிரமாணமாகத் தோன்றுகின்றது, அதைப் பொய்ப்பிக்கும் பிறிதொரு ஞானம் வந்து பாதிக்கும்வரை அதனை ஐயுறுவதற்குக் காரணமில்லை என்றனர். நையாயிகரோ, ஒரு ஞானம் மெய்யானதென்பது அதற்குப் புறம்பான சான்றினாலேயே துணியப்படல் வேண்டும் என்றனர். அப்படியாயின் அச்சான்றுக்கு இன்னொரு சான்று, அதற்கு மற்றொன்று என முடிவில்லாமற் போகும் அநவஸ்தா தோஷம் வருமே என மீமாம்சகர் மடக்க, பழகிய இடத்திலே ஐயமே எழாதாகலின் ஆங்கே சோதனை வேண்டா, பழகாத இடத்திலே ஐயம் எழும், ஆங்கே சோதித்தே துணிதல் வேண்டும் என்று நையாயிகர் விடை கூறினர். எஸ்.எஸ்.எச். மென்பொருள் தன் இயல்பான நடையிலே மீமாம்சகரின் பக்கம் நிற்கின்றது: முதற்காட்சியை ஏற்றுக்கொண்டு, பாதகம் வரும்வரை அதனை நம்புகின்றது. ஆனால் அது, முதன்முறை என்னும் பழகாத நிலையிலே மாத்திரம் ஒரு கணம் நின்று நம்மை வினவும்போது, நையாயிகரின் எச்சரிக்கையையும் நம் காதில் ஓதுகின்றது. அவ்வினாவை நாம் செவிமடுப்பதில்லை.

பெயரை நம்பிப் போனவன் வேறோரிடத்தில் சேரக்கூடும் என்பது வெறுங் கற்பனையன்று. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி, இலங்கைக்கு உரிய எல்.கே. இணையப் பெயர்கள் சிலவற்றைச் சரியாகத் தட்டியவர்கள், தாம் நாடிய இடத்துக்குச் செல்லாமல், நாட்டின் பிரச்சினைகளை எழுதிவைத்த வேறொரு பக்கத்திலே கொண்டுபோய் விடப்பட்டனர். மலையகத் தோட்டத் தொழிலாளரின் குறை அதிலே பேசப்பட்டது என்பதற்காக அச்செயல் நேர்மையாகிவிடாது. பெயர் மாறவில்லை, பெயர் சுட்டிய இடமே மாறிற்று.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்திலே அளவைகளை ஆராய்ந்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் மற்றவற்றை அடக்கிக் காட்டினார். காணமுடியாத சேர்வர் விஷயத்தில் காட்சி என்பது திரையிலே தோன்றும் கைரேகை மாத்திரமே. நேற்றிருந்ததே இன்றும் இருக்கின்றது, ஆகவே இது அதுவே என்பது கருதல். இவ்விரண்டும் முதற்சந்திப்பில் உதவமாட்டா. அங்கே உதவுவது உரை ஒன்றே: சேர்வரை அமைத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, இதன் கைரேகை என்ன என்று கேட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல். மெய்யறிந்தவனாய், பொய் சொல்லும் எண்ணமில்லாதவனாய் உள்ள ஆப்தனுடைய வாக்கு என்று நம் சாத்திரங்கள் எதனைச் சொன்னவோ, அது இந்த இரண்டு நிமிடப் பேச்சிலே அமைந்து கிடக்கின்றது.

நம்புகின்றவனுக்குச் சோதனை எதற்கு, சோதிப்பவனுக்குப் பக்தி எங்கே என்று கேட்போர் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டுவது மெய்ப்பொருள் நாயனார் சரித்திரத்தை. கோயில்களிலே புராணபடனம் நிகழும் நாட்களில் கேட்போர் நெஞ்சை அச்சரித்திரம் உலுக்குவதை நாம் அறிவோம். திருக்கோவலூரிலிருந்து அரசாண்ட மெய்ப்பொருளாரைப் போர்க்களத்திலே பலமுறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன் என்னும் பகைவன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடைமுடி தரித்து, புத்தகப் பொதி ஒன்றினுள்ளே படையை மறைத்துக்கொண்டு, இரவிலே அரண்மனை வாயிலை அடைகின்றான். புறவாயிற் காவலர், திருவேடங் கண்ட மாத்திரத்தில், வணங்கி வழிவிடுகின்றனர். அரசர் துயிலும் மாளிகை வாயிலிலே நின்ற தத்தன் என்னும் காவலன் மட்டும், இது அரசர் துயிலும் பொழுது, சமயமறிந்து செல்லவேண்டும் என்று தடுக்கின்றான். முத்தநாதனோ, எங்கும் கிடையாத ஓர் ஆகமத்தை அரசனுக்கு உபதேசிக்க வந்தேன், தடுக்காதே என்று தள்ளிக்கொண்டு உள்ளே போகின்றான். அரசர் தேவியை அகலச் செய்து, அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து உபதேசம் கேட்கக் குனிந்தபோது, பொதி அவிழ்கின்றது, கொலை நிகழ்கின்றது. பாய்ந்துவந்த தத்தனை, அவர் நம்மைச் சேர்ந்தவர் என்று தடுத்த அரசர், ஊரார் சினத்துக்கு அவன் இரையாகாதபடி எல்லை கடத்திவிட்டு வருமாறு அதே தத்தனுக்குப் பணிக்கின்றார்.

இச்சரித்திரத்தை நம்பிக்கையின் வெற்றியாக மாத்திரம் படிப்பவர்கள் அதனைப் பாதி படித்தவர்கள் என்பது என் துணிபு. மெய்ப்பொருளார் வேடத்தை நம்பி ஏமாந்தார் என்பதைவிட, வேடத்தை வணங்குதல் என்ற தம் விரதத்தை, அதன் விலை தம் உயிரே என்று தெரிந்த கணத்திலும் கைவிடவில்லை என்பதே உண்மை. அவர் கொடுத்தது தமக்கு உரியதான உயிர். பிறருடைய பொருள் ஒன்றையும் அவர் அந்த வேடத்தின் முன் வைக்கவில்லை. இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அதனை மறைப்பது நேர்மையன்று: அவர் அரசர் ஆயிற்றே, அரசன் உயிர் நாட்டின் பொருளல்லவா, அவர் மாண்டால் குடிகள் பகைவன் கையில் அகப்படமாட்டாரோ? இந்த ஆட்சேபத்தைச் சேக்கிழார் பெருமான் அறிந்தே இருந்தார் போலும். தத்தன் மீண்டுவந்து செய்தி சொன்ன பின்னரும் அரசர் உயிர் தாங்கி நின்று, அரசுக்கு உரியோரையும் அன்பரையும் நோக்கிச் செய்யவேண்டியவற்றை எடுத்துரைத்த பின்பே இறைவனைச் சிந்தித்தார் என்று கதையை முடிக்கின்றார். ஆட்சேபம் அதனால் முற்றும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், தன்னுடையதைக் கொடுப்பதற்கும் தன்னை நம்பி வைத்ததைக் கொடுப்பதற்கும் இடையே உள்ள எல்லை, அரசர் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது என்பது அதனால் விளங்குகின்றது.

தத்தன் அறுபத்து மூவருள் ஒருவன் அல்லன். அவனுக்குக் குருபூசை இல்லை. ஆனால் அன்றிரவு அந்த அரண்மனையிலே ஐயுற்றவன் அவன் ஒருவனே. அந்த ஐயம் அவன் பக்தியின் குறைவினால் எழுந்ததன்று, தன் தலைவர்மேல் வைத்த அன்பினாலும் தன் பதவியின் கடமையினாலும் எழுந்தது.

கொட்டாஞ்சேனைப் பகுதி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குள், எல்லாரையும் போல ஒருவன் குண்டை மறைத்துச் சுமந்து நுழைந்தான். சைவரும் பௌத்தரும் கூடச் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் அத்தலத்தின் வாயில், வருபவன் யார் என்று எக்காலத்திலும் கேட்டதில்லை. அதுவே அதன் பெருமையாகவும் இருந்தது. அன்று நாடெங்கும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் மாண்டோர் 260 க்கும் மேற்பட்டோர். அதே நாளில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தின் முற்றத்திலே, பெரிய பையுடன் வந்த ஒருவனை, அத்தேவாலயத்து அடியார் ஒருவர் வழிமறித்து, பையைப் பற்றிக் கேட்டு, உள்ளே விட மறுத்து வெளியேறச் சொன்னார். குண்டு வெளியே வெடித்தது. அவரும் மாண்டார், அங்கு நின்ற பிள்ளைகள் உட்படப் பலரும் மாண்டனர். உள்ளே நிறைந்திருந்த கூட்டம் தப்பிற்று. அந்த மனிதரின் வினாவை நம்பிக்கையின்மை என்று சொல்ல எவருக்கு நா எழும்? அந்தோனியார் திருத்தலம் அவ்வாண்டு யூன் 12 ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், வாயிலிலே பைகளைச் சோதித்தார்கள். அடியவரை ஐயுறுவது அபசாரம் என்று சிலர் மனம் நொந்தனர். பக்கத்துச் சிவாலயத்திலே நந்தியெம்பெருமானிடம் அனுமதி பெற்று, சுட்டுவிரல் உயர்த்தி நிற்கும் துவாரபாலகரைக் கடந்து சந்நிதியை அடையும் வழக்கமுடைய நாம் அவ்வாறு நொந்துகொள்ள நியாயமில்லை.

அந்தத் திருத்தலத்துக்கு அணித்தே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லினால் புதுக்கிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரம் நிற்கின்றது. சிவாலயங்களிலே பழைமையாக வழங்கும் ஒரு முறை உண்டு: அர்த்தயாமப் பூசை முடிந்து கதவடைத்த பின், கோயில் திறப்பை வைரவப் பெருமான் சந்நிதியிலே வைப்பது. அர்ச்சகர் உலகத்தார் பொருட்டுப் பரார்த்த பூசை செய்பவர். கருவறையுள் புகும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் இரவிலே அந்தத் திறப்பின் காவல் அவரிடத்திலும் இல்லை. கருவறைக்குரிய உரிமை அர்ச்சகரைக் கோயிலின் உடைமையாளராக்கிவிடாது என்பது அச்செயலினால் நாள்தோறும் நினைவூட்டப்படுகின்றது.

சேர்வர் நிர்வாகிகளுள் நல்லோர் கைக்கொள்ளும் ஆசாரங்களும் இதனோடு ஒத்தவையே. அவர்கள் ரூட் என்ற பெயரில் நேரே நுழைவதில்லை; தத்தம் பெயரிலே நுழைந்து, தேவைப்பட்ட ஒரு கட்டளைக்கு மாத்திரம் அந்த அதிகாரத்தை இரவல் பெற்று, உடனே கீழே வைத்துவிடுகின்றனர்; யார், எப்போது, என்ன செய்தார் என்பது பதிவேட்டிலே, அவர்களால் அழிக்கமுடியாத வேறொரு கணினியில் எழுதப்படுகின்றது. கடவுச்சொல்லால் நுழைவதை முற்றாக அடைத்துவிட்டுத் திறப்பை மாத்திரமே ஏற்கின்றனர். அந்தரங்கத் திறப்பையும் வெறுமையாக வைத்துவிடாமல் ஒரு மந்திரச்சொல்லினால் பூட்டி வைக்கின்றனர். ஆணவமலம் எந்த வழியால் வந்து பற்றும் என்பதை அறிந்த சைவனுக்கு, எல்லாம் செய்ய வல்லவனாய் இருந்தும் இன்னதுதான் செய்வேன் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் இந்த ஒழுக்கம், கணினித் துறையின் சட்டதிட்டமாக மட்டும் தோன்றமாட்டாது.

நம்மிடையே இதற்கு ஓர் இடையூறு உண்டு. வேலையை விட்டு விலகிய ஒருவரின் பகிரங்கத் திறப்பை அன்றே சேர்வரிலிருந்து நீக்கவேண்டும். நீக்கினால், "அண்ணை, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்பார். உறவும் ஊரும் பார்த்து வேலை கொடுக்கும் நம்மவர், அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி, நீக்காமலே விட்டுவிடுகின்றனர். கூச்சமும் அசட்டையும் கலந்த அவ்விடத்திலேதான் பிறர் பொருள் அழிகின்றது. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மின்னஞ்சல்களில், மே 17 ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையானவை மீளவில்லை. இணைப்பறுத்துத் தனியே வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. மின்னஞ்சலை நடத்திய மென்பொருளும் காலங்கடந்த பதிப்பாக இருந்தது. அக்கடிதங்களை எழுதியோரும் அவற்றுக்கு விடை எதிர்பார்த்திருந்தோரும் நாட்டு மக்கள். அவர்கள் வைத்த நம்பிக்கையைத் தம் நம்பிக்கையாக எண்ணித் தாராளமாகச் செலவிட எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

முத்தநாதன் வாயிலைக் கடந்தது வேடத்தினால் மாத்திரமன்று. எங்கும் இல்லாத உபதேசம், இப்பொழுதே சொல்லவேண்டும், தடுக்காதே என்ற அவசரத்தினாலும் கடந்தான். இன்றைய வஞ்சகரும் அந்த அவசரத்தோடேயே வருகின்றனர். நள்ளிரவிலே ஒருவர் தொலைபேசியில், தாம் நிறுவனத்தின் பணிப்பாளர் என்றும், வெளிநாட்டிலிருந்து பேசுவதாகவும், ரூட் அனுமதி உடனே வேண்டும், தாமதித்தால் வேலை போய்விடும் என்றும் சொல்லுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குரல் பணிப்பாளரின் குரல் போலவே இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன் அந்த அழைப்பை மரியாதையோடு துண்டித்துவிட்டு, பணிப்பாளருடையதென்று தனக்கு முன்னரே தெரிந்த இலக்கத்துக்குத் தானே திருப்பி அழைத்தல் வேண்டும். பேசியவர் உண்மையிலேயே பணிப்பாளராயின், அவருக்கு அதனால் நேர்வது இரண்டு நிமிடத் தாமதமும் சிறிது கோபமுமே.